வேலை வாடகைக்கு, பாலிசி வயலுக்கு!

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு டிராக்டர் உழவு, உப்பு, தண்ணீர், வாழைத்தார் என்று வருஷம் முழுக்க ஓடுகிறது. அதன் இன்சூரன்ஸ் பாலிசிக்குத் தெரிந்ததோ ஒரே ஒரு வேலைதான். விபத்து நடந்த பிறகே வெளியே வரும் இந்த இடைவெளியில், நிலத்தை இழப்பவர் ஒருவர், நியாயத்துக்கு அலைபவர் இன்னொருவர்.

புரட்டாசி பிறந்துவிட்டால் விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் வட்டாரக் கரிசல் காட்டில் டிராக்டருக்கு ஓய்வே இருக்காது. மழை இறங்குவதற்குள் மக்காச்சோளமும் உளுந்தும் பாசியும் விதைத்தாக வேண்டும். சொந்தக் காட்டை உழுது முடித்த கையோடு பக்கத்துக் காட்டுக்காரருக்கு மணிக்கணக்கில் வாடகை உழவு. அந்தப் பரபரப்பு சில வாரங்கள்தான். பிறகு கலப்பையைக் கழற்றி வைத்துவிட்டு டிரெய்லரை மாட்டுகிறார்கள்.

அதன்பின் அதே வண்டி ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் வாழைத்தார் ஏற்றுகிறது. உப்புக் காலத்தில் முள்ளக்காடு, ஆறுமுகநேரி அளங்களில் உப்பு சுமக்கிறது. குடிநீர் தட்டுப்பாடான கடலோர ஊர்களில் டேங்கரை இழுத்துக்கொண்டு நடைக்கு இவ்வளவு என்று தண்ணீர் ஊற்றுகிறது. வீடு கட்டுகிறவர்களுக்கு எம்-சாண்டும் ஹாலோ பிளாக்கும் கொண்டுபோகிறது. படகு அணையும் துறை இல்லாத மணல் கரைகளில், கடலிலிருந்து வந்த ஃபைபர் படகை மேட்டுக்கு இழுத்துப் போடுவதும் டிராக்டர்தான்.

இதில் எதுவும் குற்றமில்லை, இது பிழைப்பு. 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு விவசாயிக்குச் சராசரியாக இருக்கும் நிலம் 1.08 ஹெக்டேர். தமிழ்நாட்டில் அது 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இரண்டு ஏக்கரை உழுது ஒரு டிராக்டரின் டியூவைக் கட்ட முடியாது. சொந்த நிலத்துக்கு வாங்கிய வண்டி ஊர் நிலத்தில் ஓடினால்தான் கடன் அடையும். டிராக்டர் இல்லாத ஏழைச் சம்சாரிக்கும் அந்த வாடகை உழவுதான் கதி. வாடகை டிராக்டர் என்பது இந்த மண்ணின் விவசாயத்துக்கு முதுகெலும்பு.

அந்த முதுகெலும்புக்குக் காப்பீடு இருக்கிறதா என்று கேட்டால், அநேகமாக எல்லா உரிமையாளரும் ‘இருக்கிறது’ என்பார்கள். பாலிசி காகிதம் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் சிக்கலே.

யாரும் படிக்காத ஒரு வரி

டிராக்டர் பாலிசியின் அட்டவணைப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். பதிவு எண், என்ஜின் எண், சேசிஸ் எண், வண்டியின் மதிப்பு, பிரீமியம் எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். அவற்றுக்குக் கீழே சின்ன எழுத்தில் பயன்பாட்டு வரம்பு என்று ஒரு பத்தி. விவசாய டிராக்டருக்கான பல பாலிசிகளில் அங்கே இருப்பது இதுதான்: விவசாய, வனப் பணிகளுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், வாடகைக்கோ பிரதிபலனுக்கோ ஓட்டினால் பாலிசி பொருந்தாது.

இந்த வரி வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், விவசாய டிராக்டரை ‘போக்குவரத்து வாகனம் அல்லாதது’ என்று வரையறுக்கின்றன. வயல் வேலைக்கான கருவிகளை மாட்டவும், விவசாயப் பொருட்களை ஏற்றும் டிரெய்லரை இழுக்கவும் உருவான வண்டி என்பதே அந்த வரையறை. விவசாயி என்பதால் அரசு அவருக்குச் சலுகை தருகிறது. பெர்மிட் தேவையில்லை, பிரீமியமும் குறைவு. சலுகை எந்த வேலைக்குக் கொடுக்கப்பட்டதோ, காப்பும் அந்த வேலையோடு நின்றுவிடுகிறது.

டிரெய்லரை மாட்டி அடுத்தவர் சரக்கைக் காசுக்கு ஏற்றினால் அதே வண்டி சட்டத்தின் கண்ணில் சரக்கு வாகனமாக மாறிவிடுகிறது. கர்நாடகத்திலிருந்து வந்த நட்வர் பாரிக் வழக்கில், 2005இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்து சரக்கு ஏற்றினால் அது சரக்கு வாகனம், பெர்மிட் வேண்டும்.

‘அடுத்தவர் காட்டை உழுவதும் வாடகைதானே, அதுவும் தப்பா?’ என்று கேட்கலாம். வேலை விவசாய வேலை. வாங்குவது வாடகைப் பணம். பாலிசியில் இரண்டும் ஒரே பத்தியில் இருப்பதால், விபத்து நடந்தால் வாதம் எந்தப் பக்கமும் திரும்பலாம். எனவே ‘பிறர் நிலத்தில் வாடகைக்கு உழுவதும் அடங்கும்’ என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்கி வைப்பதே பாதுகாப்பு. ஏஜென்ட் வாயால் சொன்ன உறுதி கோர்ட்டில் நிற்காது.

காய்கறியும் செங்கல் மண்ணும்

இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய வரி என்பதைப் புரியவைக்க இரண்டு தீர்ப்புகள் போதும்.

முதலாவது, 2004இல் வந்த சின்னம்மா வழக்கு. காய்கறி வியாபாரி ஒருவர், தான் வாங்கிய காய்கறிகளை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோகும்போது விபத்தில் இறந்தார். ‘காய்கறி விவசாய விளைபொருள்தானே, அதை ஏற்றியது விவசாய வேலைதானே’ என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. விளைவித்தவர் ஏற்றிப் போவது வேறு, வியாபாரி தன் தொழிலுக்காக ஏற்றிப் போவது வேறு என்றது. ஏரலில் தன் தோட்டத்து வாழைத்தாரைத் தானே ஏற்றும் விவசாயிக்கும், வியாபாரியின் தாரை வாடகைக்கு ஏற்றும் அதே விவசாயிக்கும் நடுவே இந்தத் தீர்ப்பு ஒரு கோடு போட்டுவிட்டது. தார் ஒன்றுதான், டிராக்டரும் ஒன்றுதான். காப்பு மட்டும் ஒன்றல்ல.

இரண்டாவது, 2007இன் பிரிஜ் மோகன் வழக்கு. அவர் ஒரு கூலித் தொழிலாளி. செங்கல் சூளைக்கு மண் ஏற்றிச் சென்ற டிராலியில், மண்ணின் மேல் உட்கார்ந்து போனவர் கீழே விழுந்து படுகாயமடைந்தார். டிராக்டர் விவசாய வேலைக்கென்று இன்சூர் செய்யப்பட்டிருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சட்டப்படி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. ஆனாலும் அந்த ஏழைத் தொழிலாளியைக் கைவிட மனமின்றி, அரசியல் சாசனத்தின் 142ஆவது பிரிவு தரும் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தியது. ‘கம்பெனி முதலில் பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்’ என்று உத்தரவிட்டது.

‘கொடு, பிறகு வசூல் செய்’ என்ற இந்த ஏற்பாடு அடிபட்டவருக்குப் பெரிய ஆறுதல். டிராக்டர் உரிமையாளருக்கோ அது கழுத்துக்கு வந்த கத்தி. கொடுத்த பணத்தைக் கம்பெனி சும்மா விடாது. நிறைவேற்று மனு போட்டு, அவருடைய நிலத்தையும் வீட்டையும் ஜப்தி செய்யும் வரை போகலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆவது பிரிவின் கீழ், யார்மேல் தப்பு என்று நிரூபிக்காமலேயே கோரக்கூடிய தொகை, உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய், படுகாயத்துக்கு 2.5 லட்சம். தப்பு நிரூபணமாகும் வழக்குகளில், இறந்தவரின் வயதும் வருமானமும் பார்த்துத் தீர்ப்பாயம் அதைவிடப் பல மடங்கு தரும். சில நூறு ரூபாய் வாடகைக்குப் போன ஒரு நடை, ஒரு குடும்பத்தின் இரண்டு ஏக்கரையும் கொண்டுபோய்விடலாம்.

மட்கார்டில் உட்கார்ந்து வருபவர்

திருச்செந்தூர் சாலையில் மாலை நேரம் நின்று பார்த்தால் தெரியும். டிரைவருக்கு இருபுறமும் மட்கார்டில் ஒவ்வொருவர். டிரெய்லரில் வேலை முடிந்து திரும்பும் பெண்கள், கையில் தூக்குவாளி. பஸ் வராத ஊருக்கு டிராக்டர்தான் பஸ்.

டிராக்டரின் ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கை பெரும்பாலும் ஒன்று. அது டிரைவருடைய சீட். மட்கார்டில் இருப்பவரும் டிரெய்லரில் இருப்பவரும் பாலிசியின் பார்வையில் அந்த வண்டியில் இருக்கவே கூடாதவர்கள். சாலையில் நடந்துபோகும் ஒருவர்மேல் டிராக்டர் மோதினால் அவர் ‘தர்ட் பார்ட்டி’. அவருக்குச் சட்டத்தின் காப்பு உண்டு. அதே டிராக்டரில் ஏறி வந்து விழுந்தவருக்கு, அவருக்கென்று தனியாகப் பிரீமியம் கட்டியிருந்தால் தவிர, வழக்குதான் வழி. உப்பு வாரி, கால் வெடித்து, கூலி வாங்கி வீட்டுக்குத் திரும்பும் ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய அநீதி என்ன இருக்கிறது?

2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் அருகே, கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களை ஏற்றிவந்த டிராக்டர் டிராலி குட்டையில் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் பெண்களும் குழந்தைகளும். டிராலியை ஆட்களை ஏற்றப் பயன்படுத்தாதீர்கள் என்று அந்த மாநில முதலமைச்சர் மக்களைக் கேட்டுக்கொண்டார். திருச்செந்தூருக்கும் குலசேகரன்பட்டினம் தசராவுக்கும் ஆயிரமாயிரம் பேர் திரளும் நம் கரைக்கும் அது எச்சரிக்கை.

உரிமையாளர் வைத்திருக்கும் சம்பள டிரைவருக்கு, கூடுதலாகச் சிறு தொகை கட்டிப் பாலிசியிலேயே காப்பு சேர்க்கலாம். உரிமையாளரே ஓட்டினால், அவருக்கான தனிநபர் விபத்துக் காப்பு 15 லட்சம் ரூபாய். அது அவருடைய லைசென்ஸ் செல்லுபடியாகும்வரைதான். லைசென்ஸ் பற்றி நீடித்த குழப்பங்களில் இரண்டை உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. டிராக்டர் ஓட்ட லைசென்ஸ் உள்ளவர், டிரெய்லர் மாட்டியதால் மட்டும் லைசென்ஸ் இல்லாதவர் ஆகிவிட மாட்டார் என்று 2001இல் நாகஷெட்டி வழக்கில் சொன்னது. இலகுரக வாகன லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது.

வேலிக்கு உள்ளே நடந்தால்?

கட்டாய இன்சூரன்ஸ் குறித்த நம் சட்டம் பேசுவது பொது இடத்தைப் பற்றி. உப்பளத்துக்குள்ளோ, குடோன் வளாகத்துக்குள்ளோ டிராக்டர் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒருவர் அடிபட்டால், ‘இது பொது இடமா, தனியார் இடமா?’ என்ற வாதம் முதலில் வந்து நிற்கும்.

இதே கேள்வி ஐரோப்பாவில் எழுந்தது. ஸ்லோவேனியாவில் ஒரு பண்ணை முற்றத்தில், வைக்கோல் கட்டுகளைப் பரணில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, ரிவர்ஸில் வந்த டிராக்டரின் டிரெய்லர் ஏணியில் மோதி ஒரு தொழிலாளி கீழே விழுந்தார். தனியார் இடமாக இருந்தாலும், வண்டி அதன் இயல்பான வேலையைச் செய்யும்போது நடந்த விபத்துக்குக் கட்டாயக் காப்பீடு பொருந்தும் என்று 2014இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிலாளி எந்த வேலிக்குள் நின்றார் என்பதல்ல, எந்த வண்டியால் அடிபட்டார் என்பதே கணக்கு. நம் சட்டமும் அந்த இடத்துக்கு வர வேண்டும்.

வெள்ளம் சொன்ன கணக்கு

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சிக்கிக்கொண்டதை நாடே பார்த்தது. வாழைத் தோட்டங்களும் உப்பளங்களும் தண்ணீருக்குள் போயின.

அத்தகைய நாளில்தான் ‘தர்ட் பார்ட்டி’க்கும் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’க்கும் உள்ள வித்தியாசம் தெரியும். தர்ட் பார்ட்டி என்பது நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்புக்கு. நம் வண்டியே வெள்ளத்தில் மூழ்கினால், எரிந்தால், திருடுபோனால் அதில் ஒரு பைசா வராது. டியூ முடியும்வரை பினான்ஸ் கம்பெனியின் கட்டாயத்தில் ஃபுல் இன்சூரன்ஸ் போடுகிறவர்கள், கடன் முடிந்த மறு வருஷமே தர்ட் பார்ட்டிக்கு இறங்கிவிடுவது வழக்கம். கடற்கரையில் வண்டி வைத்திருப்பவர் அதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தாலும் கைநழுவிப் போகிற இடங்கள் உண்டு. தண்ணீர் புகுந்த என்ஜினை ஆசைக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்ப்பது முதலாவது. காற்றுக்குழாய் வழியே சிலிண்டருக்குள் போன தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்புறம் சர்வேயர், ‘இது வெள்ளச் சேதமல்ல, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம்’ என்று எழுத வாய்ப்புண்டு. தொடாமல் போட்டோ எடுத்து, கம்பெனிக்குத் தகவல் சொல்லி, கட்டி இழுத்துக்கொண்டு ஒர்க் ஷாப் போவதே சரி.

அடுத்தது, வணிக வகைப் பாலிசிகளில் ஹெட்லைட், டயர், மட்கார்டு, பம்பர், பானட்டின் பக்கத் தகடு ஆகியவற்றை, வண்டி முழுச் சேதம் ஆனால் தவிர, கழித்துவிடும் வழக்கம். கூடுதல் பிரீமியம் கட்டினால் அவற்றைச் சேர்க்கலாம். உப்புக்காற்று அரித்த இரும்புக்கோ எந்தப் பாலிசியும் பணம் தராது, அது தேய்மானம்.

வாடகை ஓட்டிய வண்டி என்பதற்காகவே சொந்தச் சேத இழப்பீட்டை முழுதாக மறுப்பதும் சரியல்ல. 2010இல் அமலேந்து சாஹூ வழக்கில், சொந்தப் பயன்பாட்டுக் காரை வாடகைக்கு விட்டிருந்தபோது நேர்ந்த சேதத்துக்குக் கம்பெனி கையை விரித்தது தவறு என்றது உச்ச நீதிமன்றம். பயன்பாட்டு வரம்பை மீறினாலும், ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை தரலாம் என்ற வழிகாட்டுதலை அது சுட்டிக்காட்டியது. மறுப்புக் கடிதம் வந்ததும் சோர்ந்து உட்கார்ந்துவிடுகிறவர்கள் இதை அறிய வேண்டும்.

கப்பலுக்கு இருக்கும் நியாயம்

1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர் தூத்துக்குடி. இன்று அவர் பெயரிலேயே பெருந்துறைமுகம். இங்கே வந்துபோகும் கப்பலுக்குக் காப்பீடு எப்படி எழுதப்படுகிறது? கப்பலுக்குத் தனி, சரக்குக்குத் தனி, மாலுமிகள் மீதான பொறுப்புக்குத் தனி. என்ன சரக்கு, எந்த வழி என்பதைச் சொல்லியே பாலிசி எடுக்கிறார்கள். முக்கியமான எதையும் மறைக்கக் கூடாது என்று 1963ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டமே சொல்கிறது. கப்பல்காரர் உண்மையைச் சொல்கிறார். அதற்கேற்ற காப்பு அவருக்குக் கிடைக்கிறது.

துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே உப்பு ஏற்றிப்போகும் டிராக்டர்காரர் ஏன் உண்மையைச் சொல்வதில்லை? வணிகப் பதிவுக்கு மாறினால் வரி, பெர்மிட், எஃப்.சி., கூடுதல் பிரீமியம் எல்லாம் சேர்ந்து வரும். வருஷத்தில் சில மாதமே கிடைக்கும் வாடகைக்கு அந்தச் செலவைத் தாங்க முடியாது. ஒருபக்கம் முழு விவசாயி, மறுபக்கம் முழு லாரிக்காரர் என்று இரண்டே பெட்டிகளைச் சட்டம் வைத்திருக்கிறது. நம் மாவட்டத்து டிராக்டர்காரர் இரண்டுக்கும் நடுவே நிற்பவர்.

இதில் பெரிய முரண் ஒன்று. 2014-15இல் தொடங்கிய மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டம், வாடகை மையம் வைக்க 40 சதவீதம் மானியம் தருகிறது. தமிழ்நாடு வேளாண் பொறியியல் துறை ‘இ-வாடகை’ இணைய வசதி மூலம் தானே டிராக்டரை வாடகைக்கு விடுகிறது. ஒரு கை வாடகைக்கு விடு என்கிறது. இன்னொரு கையில் உள்ள பாலிசி, வாடகை என்றால் காப்பில்லை என்கிறது.

பாலிசி புதுப்பிக்கும் முன்...

● உழவு, டிரெய்லர், டேங்கர், படகு இழுப்பு என்று செய்கிற வேலை எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து, எவை அடங்கும் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

● டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு. அதன் எண்ணும் அதற்கான பிரீமியமும் பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். ரோட்டவேட்டர், டேங்கர் போன்றவற்றையும் குறிப்பிடச் சொல்லுங்கள்.

● சம்பள டிரைவருக்கும் கூலியாட்களுக்கும் காப்பு சேர்க்க எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள்.

● டிரெய்லரின் பின்புறம் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டுங்கள். எந்தப் பாலிசியும் திருப்பித் தராத உயிரை அது காக்கும்.

● பாலிசியே இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000 ரூபாய் அபராதம். 3 மாதம் வரை சிறையும் உண்டு.

● அடிபட்டவர் தீர்ப்பாயத்தில் மனுப் போட சட்டம் வைத்திருக்கும் காலவரம்பு 6 மாதம். சமரசம் பேசியே அதைக் கடத்திவிடாதீர்கள்.

● இழப்பீட்டை மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவு, பிறகு சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். கட்டணம் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையத்தின் இலவச உதவி எண் 155255.

நடுவில் ஒரு பெட்டி வேண்டும்

உரிமையாளர்கள் மட்டும் திருந்தினால் போதாது. தர்ட் பார்ட்டி பிரீமியத்தை நிர்ணயிப்பது மத்திய அரசு. ‘சிறு வாடகை டிராக்டர்’ என்று ஒரு தனி வகையை அதனால் உருவாக்க முடியும். ஒரு விவசாயி, ஒரு டிராக்டர், ஒரு டிரெய்லர், தன் ஊரைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரம் என்ற எல்லைக்குள் உழவுக்கும் சரக்குக்கும் சேர்த்து ஒரே பாலிசி. விவசாயப் பிரீமியத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், லாரிப் பிரீமியத்தைவிட வெகு குறைவு. டிரெய்லர் கூலியாட்கள் இருவர், மூவருக்கான காப்பு அதிலேயே கட்டாயம். உப்புக்கும் உழவுக்கும் காலம் இருப்பதுபோல, வாடகைக் காப்பையும் மாதக்கணக்கில் எடுக்க வசதி. ஊர்தோறும் உள்ள தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கங்கள் இதை விற்றால், விவசாயி நகரத்துக்கு அலைய வேண்டியதில்லை.

மாநில அரசுக்கும் பங்கு உண்டு. வாடகை டிராக்டரை ஊக்குவிக்கும் துறையே, அதற்கான காப்பையும் மானியத்தின் நிபந்தனையாக வைக்கலாம். பிரீமியத்தில் ஒரு பகுதியை ஏற்கலாம். கம்பெனிகள் பயன்பாட்டு வரம்பு என்ற அந்தப் பத்தியைப் பெரிய எழுத்தில், தமிழில், முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். ஏஜென்ட்டுகள் கமிஷனை வாங்குவதற்கு முன், ‘வண்டி என்ன வேலைக்கு ஓடுகிறது?’ என்ற ஒரு கேள்வியையாவது கேட்க வேண்டும்.

வாடகை டிராக்டர் இல்லாமல் கரிசலில் விதைப்பு நடக்காது, வாழைத்தார் சந்தைக்குப் போகாது, உப்பு அளத்தைவிட்டு நகராது. இந்த உழைப்பை அனுமதித்து, அதில் லாபமும் பார்த்துக்கொண்டு, விபத்து நடந்த அன்று மட்டும் ‘இது விவசாய வண்டி’ என்று கைகழுவும் ஏற்பாடு நீடிக்கக் கூடாது. டிராக்டர் என்ன வேலை செய்கிறதோ அதையே பாலிசி எழுதட்டும். அதைச் சொல்ல உரிமையாளர் பயப்படாத அளவுக்குப் பிரீமியத்தை அரசு வைக்கட்டும்.